முன்னுரிமை மூவாயிரம்

குளச்சல் சங்கத்து மாடியறையில்
பதினோரு மெய்நிகர் கணினிகள்
இரண்டு பெட்டிக்குள் குடியிருக்கின்றன.
ஒரு பெட்டி இங்கே.
மற்றது நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில்.
ஒன்று செத்தால் மற்றதில் எழவேண்டும் எல்லாம்.
எந்த வரிசையில் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

போன கச்சானில்
தென்னமட்டை கம்பியில் விழுந்து
கரண்ட் போன இரவு
முதலில் எழுந்தது மீன் ஏலக் கணக்கு,
பிறகு சம்பளம்,
பிறகு கேமராப் பதிவு, வாசலில் நாய் படுத்திருப்பது உட்பட.
வள்ளங்களின் வயர்லெஸ் ஒன்பதாவதாக எழுந்தது,
இருபத்திரண்டு நிமிடம் கழித்து.
நல்லவேளை, அந்நேரம் கடலிலிருந்து யாரும் கூப்பிடவில்லை என்றார்கள்.
கூப்பிடவில்லையா, கேட்கவில்லையா என்று
பதிவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்று மவுசைத் தள்ளிவைத்துவிட்டு
கறுப்புத் திரையைத் திறந்தேன்.
பெட்டி பெட்டியாய்ப் போய்ச் சொடுக்க
பதினோரு தடவை பொறுமையில்லை எனக்கு.
தவிர, கை மறந்துபோகும்.
எழுதிவைத்த வரி மறக்காது.

பட்டியலைக் கொடு என்றேன். கொடுத்தது.
ஒவ்வொன்றின் முன்னுரிமையும் சொல் என்றேன்.
இரண்டாயிரம், இரண்டாயிரம், இரண்டாயிரம்,
பதினொன்றும் இரண்டாயிரம்.
யாரும் எதையும் தீர்மானிக்காமல் விட்டதற்கு
இங்கே பெயர் சமத்துவம்.

வயர்லெஸ்: மூவாயிரம்.
கரை திரும்பாத வள்ளங்களின் பட்டியல்: மூவாயிரம்.
ஏலம்: ஆயிரம். நாயும் கேமராவும்: ஆயிரம்.
சம்பளம்.
விரல் சற்று நின்றது. என்னுடையதும் அதில்தான்.
பூஜ்யம்.
தானாக எழாதே, யாராவது வந்து எழுப்பட்டும்.

அடியில் வேறொரு வரி கிடந்தது,
பெட்டி வந்த நாள்முதல் யாரும் தொடாதது:
ஆறு மணி நேரத்துக்குள்
இரண்டாம் முறை விழுந்தால்
அதற்குமேல் முயலாதே.

எந்த ஊரிலிருந்து எழுதினானோ.
திட்ட வாயெடுத்தேன்.
அவன் பக்கமும் நியாயம் உண்டு,
விழுந்து விழுந்து எழுவது
பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுக்கும்.
ஆனாலும் வயர்லெஸ்ஸுக்கு மட்டும்
ஒன்றை அழித்து இருபது என்று போட்டேன்.

திரும்பிப் போகவும் நேரம் குறித்தேன்:
பழைய பெட்டி பிழைத்ததும் உடனே ஓடாதே.
பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் போ,
வள்ளமெல்லாம் கரையேறி
வலை உலரும் நேரத்தில்.

அதே நேரத்தில்தான் சோதித்தேன்,
பதினொன்றே முக்காலுக்கு.
வயரைப் பிடுங்கினேன்.
விசிறி இறங்கி இறங்கி அடங்கியது.
நாற்பத்தேழு விநாடி.
வெட்டூர்ணிமடத்தில் முதலாவதாக வயர்லெஸ் எழுந்தது.

கீழே ஓடினேன்.
டெல்வின், காதில் ஹெட்போன், கையில் ரசவடை.
"எதாவது விட்டுச்சா?"
"வாணியக்குடி வள்ளம் ஒண்ணு கூப்பிட்டான்.
பாதிதான் பதிஞ்சிருக்கு."
"மீதி?"
"மீதிய நான் எழுதிட்டேன்லா."
வடை எண்ணெய் ஊறிய நோட்டு, பால்பாயிண்ட் எழுத்து:
11.46. ஆரோக்கியமாதா. எஞ்சின் சூடு. மெதுவா வாறான்.

மாடியேறினேன். கறுப்புத் திரை காத்திருந்தது.
மேலே முதல் வரியில், கணினி படிக்காமல் தாண்டிப்போகும்
குறியொன்றை இட்டு எழுதினேன்:
இடைப்பட்ட நாற்பத்தேழு விநாடிக்கு டெல்வின்.
அவன் லீவில் போனால்?
அதற்கு இன்னும் வரி எழுதவில்லை.

சேமித்து முடிக்குமுன் போன் அடித்தது.
கணக்கர் வறுவேல்.
"ஷெர்லினே, சம்பளம் ஓப்பன் ஆவல்லியே?"

"ஆவாது" என்றேன்.